புரியாத மொழியில் பங்கேற்ற திருப்பலி

கேள்வி: என் கணவரின் தாய்மொழி கன்னடம், நான் தமிழ். பெங்களூருவில் எங்கள் பங்கு ஆலயத்தில் ஞாயிறுதோறும் தமிழ், கன்னடம், ஆங்கிலம் என மூன்று மொழிகளிலும் தனித்தனியே திருப்பலி உண்டு. குடும்பத்தோடு கன்னடத் திருப்பலிக்கே செல்கிறேன். மறையுரை எனக்குப் புரிவதில்லை. ஞாயிறன்று திருப்பலியில் பங்கேற்க வேண்டிய என் கடன் நிறைவேறுகிறதா? மாலையில் தமிழ்த் திருப்பலிக்கும் சென்றால் மீண்டும் நற்கருணை பெறலாமா?
— ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: நிறைவேறுகிறது, சகோதரி. ஞாயிறன்றோ முந்தைய நாள் மாலையிலோ, கத்தோலிக்க வழிபாட்டு முறைப்படி எங்கு நிறைவேற்றப்படும் திருப்பலியில் பங்கேற்றாலும் போதும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 1248ஆம் எண். மொழியைப் பற்றி அங்கே நிபந்தனை ஏதுமில்லை. மாலைத் திருப்பலியிலும் நீங்கள் நற்கருணை பெறலாம். ஒரே நாளில் இரண்டாம் முறை பெறுபவர் அந்தத் திருப்பலியில் பங்கேற்றிருக்க வேண்டும் என்பதே 917ஆம் எண் விதிக்கும் வரையறை.

ஆயினும், கடன் தீர்ந்தது என்று நீங்கள் அமைதியடைந்துவிடுவதை நான் விரும்பவில்லை. 1963 டிசம்பர் 4 அன்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, மக்கள் உணர்ந்து, முழுமையாக, ஈடுபாட்டோடு பங்கேற்க வேண்டும் என்று வலியுறுத்தியதோடு, அவர்களுடைய தாய்மொழிக்கும் வழிபாட்டில் இடம் திறந்துவிட்டது. இறைவார்த்தை செவியோடு நின்றுவிடுவது பெரிய இழப்பு. கத்தோலிக்கருள் பெரும்பாலோர் பின்பற்றும் லத்தீன் வழிபாட்டு முறை ஆலயங்களில் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருவதால், ஒரே நாளில் மூன்று மொழித் திருப்பலிகளிலும் பொதுவாக அதே வாசகங்களே வாசிக்கப்படும். எனவே சனிக்கிழமை இரவு அவற்றைத் தமிழ் விவிலியத்தில் வாசித்துவிட்டுச் செல்லுங்கள். கேரளத்தில் வேரூன்றிய, தனி வழிபாட்டு முறை கொண்ட சீரோ மலபார் கத்தோலிக்கரின் ஆலயத்திற்குச் செல்லும் நாளில் மட்டும், அவர்களுடைய வாசக அட்டவணை வேறு என்பதை நினைவில் கொள்ளுங்கள். மக்களின் பதிலுரைகள் வாரந்தோறும் பெரும்பாலும் மாறாதவை. அவற்றை உங்கள் கணவரிடமே கன்னடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

குடும்பம் காலையில் ஒரு திருப்பலிக்கும் நீங்கள் மாலையில் தனியே இன்னொன்றுக்கும் செல்வதைவிட, மாதத்தில் சில ஞாயிறுகளில் அனைவரும் தமிழ்த் திருப்பலிக்கு வருவதே மேல் என்பது என் கருத்து. பிள்ளைகள் இருந்தால் தாயின் மொழியில் செபிக்கவும் அவர்கள் கற்பார்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழாவில் பல மொழிகளில் நடைபெறும் திருப்பலிகளுக்கு அவர்களை அழைத்துச் செல்லுங்கள். மொழிகள் பலவாயினும் பலி ஒன்றே என்பதை அங்கே கண்ணால் காண்பார்கள்.

பாவ மன்னிப்புக்கான ஒப்புரவு அருளடையாளத்திற்கு மட்டும், தமிழறிந்த குருவையே நாடுங்கள். எந்தக் குருவிடமும் பாவ அறிக்கை செய்யச் சட்டம் உங்களுக்கு உரிமை தந்திருக்கும்போது, மனத்தில் உள்ளதைச் சொல்லத் தெரியாத மொழியில் திணற வேண்டியதில்லை.