கொம்புக்கா, கறிக்கா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓஹையோவில் குடும்பத்தோடு இருக்கிறேன். அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர் ஒருவர் வருடாவருடம் மான் வேட்டைக்குப் போகிறவர். போன டிசம்பரில் இரண்டரைக் கிலோ மான் கறி கொடுத்தார். "நாங்கள் சாப்பிடுவதற்காகத்தான் சுடுகிறோம்" என்றார். பிறகு அவர் வீட்டுக்குப் போனால், கூடத்துச் சுவரில் கொம்போடு மூன்று மான் தலைகள்! கறிக்காகச் சுடுகிறவருக்குத் தலை எதற்கு? கொம்புக்கு வேட்டை, கறிக்கு வேட்டை என்று பிரிப்பதே ஒரு சால்ஜாப்பு என்று தோன்றுகிறது. மானுக்கு என்ன வித்தியாசம்? இன்னொன்று: கறியைக் குக்கரில் வைத்தோம், ஒரே கவுச்சி, ரப்பர் மாதிரி இருந்தது. அடுத்த முறை வாங்கலாமா, ஐந்து வயது மகளுக்குக் கொடுக்கலாமா? கழன்று விழுந்த கொம்பு ஒன்றையும் ஊருக்கு எடுத்துப் போகச் சொல்லித் தந்திருக்கிறார்.

ரகு

அன்புள்ள ரகு,

மானுக்கு வித்தியாசம் இல்லைதான். அதில் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் சுட்டவர் எதற்காகச் சுட்டார் என்பதை அவர் வாயால் கேட்க வேண்டியதும் இல்லை, சுவரைப் பார்த்து முடிவுகட்ட வேண்டியதும் இல்லை. எந்த மானைத் தேர்ந்தார், குண்டு எங்கே பட்டது, விழுந்த பிறகு முதல் சில மணி நேரம் என்ன செய்தார் என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

குண்டிலிருந்து தொடங்குகிறேன். வேட்டை தெரிந்த எவரும் குறிவைப்பது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், இரண்டு நுரையீரலையும் துளைக்கும்படி. மான் ஐம்பது, நூறு மீட்டர் ஓடி விழும். சேதம் இரண்டு விலா எலும்போடு முடிந்துவிடும். தோள்பட்டையில் சுட்டால் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே விழும். ஆனால் அந்த முன்தொடை ரத்தம் கட்டிப் பெரும்பகுதி வீண். வயிற்றில் பட்டால்தான் எல்லாம் கெடும். உடனே பின்னால் போனால் மான் மிரண்டு மைல்கணக்கில் ஓடும் என்பதால் ஆறு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். அதற்குள் இரைப்பையில் இருந்தது உள்ளே பரவி, முதுகெலும்பின் உட்புறமுள்ள மிருதுவான சதையும் விலாப்புறமும் நாறிப்போகும்.

இரண்டு வகை மனமும் பிரிவது இங்கேதான். கறிக்கு வந்தவர், மான் சரியான கோணத்தில் நிற்காவிட்டால் விட்டுவிடுவார். இது போனால் இன்னொரு பெட்டை வரும். பெரிய கொம்புக்கு வருடக்கணக்கில் காத்திருந்தவருக்கோ அந்தக் கிடா திரும்ப வராது என்ற பதற்றம். சுடக்கூடாத கோணத்தில் விசை அழுத்தப்படுவது அப்போதுதான். கொம்பு வேட்டைக்காரர்களிலும் பொறுமைசாலிகள் நிறையப் பேர் உண்டு. ஆனால் ஆசை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது தெளிவு.

அடுத்தது கத்தி வேலை. கறிக்கான மானை விழுந்த இடத்திலேயே மல்லாத்தி, ஆசனவாயைச் சுற்றி வெட்டி விடுவித்து, வயிற்றைக் கீறுவார்கள். கத்தி முனை மேல்நோக்கி இருக்க, இரண்டு விரலைத் தோலுக்கு அடியில் கொடுத்து, குடல் ஓட்டையாகாமல் நெஞ்செலும்பு வரை கொண்டுபோக வேண்டும். உதரவிதானத்தை அறுத்து, மூச்சுக்குழாயைத் துண்டித்து இழுத்தால் மொத்தமும் வெளியே வந்துவிடும். மூத்திரப்பை மட்டும் உடையக்கூடாது. பலர் நெஞ்செலும்பையும் பிளந்து கழுத்து வரை திறந்துவிடுவார்கள், காற்றுப் பட்டுச் சூடு தணியட்டும் என்று.

தலையைப் பாடம் பண்ணிச் சுவரில் மாட்டப் போகிறவர் இதைச் செய்ய முடியாது. தோள்வரை பாடம் பண்ண விலாவின் நடுப்பகுதி வரை தோல் கீறலில்லாமல் வேண்டும். ஆகவே கீறல் நெஞ்செலும்பின் கீழ்முனையிலேயே நின்றுவிடும். தொண்டையைத் தொடக்கூடாது. உள்ளே முழங்கை வரை கையைவிட்டு, கண்ணுக்குத் தெரியாமல் மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் மேலே எட்டி அறுக்க வேண்டும். சோம்பல்பட்டுப் பாதியில் விட்டால் மிச்சமுள்ள குழாய் அழுகி, கழுத்துக்கறியும் முன்தொடையும் கெட்டுவிடும். கழுத்தில் கயிறு கட்டி இழுத்தால் ரோமம் உதிரும், அதற்கும் தடை. இரண்டையும் ஒழுங்காகச் செய்யலாம், செய்கிறவர்களும் உண்டு. வேலை இரட்டிப்பு, அவ்வளவுதான். படம் எடுத்து, வண்டியில் போட்டு நண்பர்களிடம் காட்டிவிட்டு இருட்டிய பிறகு தோலுரிப்பவரின் கறி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டாம். மான் ரோமத்துக்குள் பொந்து உண்டு, சூட்டை வெளியே விடாது. ஓஹையோவில் நவம்பர் பகலில் 15 டிகிரி வெயில் அடிக்கும் நாள்களும் வரும். பின்தொடை மூட்டைச் சுற்றியுள்ள சதைதான் கடைசியில் குளிரும். அங்கே எலும்பை ஒட்டிப் புளிப்பு நாற்றம் தொடங்கும். 4 டிகிரிக்குக் கீழே எவ்வளவு சீக்கிரம் கொண்டுபோகிறோம் என்பதுதான் கறியின் விதி.

இனி எந்த மான் என்பது. எனக்கு இதுதான் முக்கியம். வெள்ளைவால் மானில் கொம்பு முழு அளவுக்கு வர ஐந்தாறு வயது ஆக வேண்டும். அந்த வயதுக் கிடா, இணைசேரும் பருவத்தில் சாப்பாட்டை மறந்து அலைந்து உடம்பு வற்றிக் கிடக்கும். பின்னங்கால் முட்டியிலுள்ள சுரப்பி மூத்திரத்தில் ஊறி நாறும். அதைத் தொட்ட கையும் கத்தியும் கறியில் பட்டால் போயிற்று. சாப்பிட நல்லது ஒன்றரை வயதுப் பெட்டை. அதாவது சுவருக்குச் சிறந்த மான் சட்டிக்கு மோசமான மான்.

கணக்கும் அதையே சொல்கிறது. ஒரு கிடா பல பெட்டைகளோடு சேரும். நல்ல தீனி கிடைக்கும் சோளக்காட்டுப் பகுதியில் பெட்டை பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். எத்தனை கிடாவைச் சுட்டாலும் அடுத்த கோடையில் குட்டிகளின் எண்ணிக்கை அப்படியேதான் இருக்கும். மான் பெருகிக் காட்டில் இளங்கன்றே தலையெடுக்காத இடங்களில், வாகனங்களில் மோதி மானும் மனிதரும் சாகும் இடங்களில், பெட்டையைச் சுட்டால்தான் குறையும். "மான் தொகையைக் கட்டுப்படுத்துகிறோம்" என்று சொல்லிக்கொண்டு கொம்பை மட்டும் தேடுகிறவர் எதையும் கட்டுப்படுத்தவில்லை. விஸ்கான்சின் மாநிலத்தில் இதற்காகவே 1996 முதல் சில பகுதிகளில் ஒரு விதி வைத்தார்கள்: முதலில் ஒரு பெட்டையைச் சுட்டுக் காட்டு, பிறகுதான் கிடாவுக்கு அனுமதி. மான் குறைந்தது, வேட்டைக்காரர்களின் கோபம் ஏறியது. 2011இல் சட்டமன்றமே அந்த விதியை எடுத்துவிட்டது.

உங்கள் மாநிலத்தில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்கு ஒரே ஒரு கொம்புள்ள மான்தான். ஆகவே மூன்று தலை என்றால் குறைந்தது மூன்று வருடம். நடுத்தர உடம்புள்ள கிடா உயிரோடு 70 கிலோ என்று வையுங்கள். குடல் எடுத்த பின் 55 கிலோ. எலும்பும் சேதமும் கழித்தால் 20 கிலோ சுற்றிக் கறி. ஒரு குடும்பத்துக்கு வருடம் முழுக்க அது காணாது. உறைபெட்டி நிறைய வைத்து, ஊருக்கும் கொடுக்கிறார் என்றால் பெட்டைகளையும் சுடுகிறார் என்று அர்த்தம். கேட்டுப் பாருங்கள். சுவரில் மூன்று தலையும் உறைபெட்டியில் அதைவிடப் பல மடங்கு பெட்டைக் கறியும் இருந்தால், என் கண்ணில் அவர் கறி வேட்டைக்காரர்தான். கிடைத்த கொம்பைத் தூக்கி எறியவில்லை, அவ்வளவே. சீரான கொம்பு வகையில் இன்றுவரை உலகச் சாதனையாக இருக்கும் வெள்ளைவால் கொம்பும் ஒரு விவசாயி சுட்டதுதான். கனடாவின் சஸ்காட்செவனில் 1993 நவம்பரில் மைலோ ஹான்சன் சுட்டது, கிளை நீளம், சுற்றளவு எல்லாம் கூட்டி 213 5/8 அங்குலக் கணக்கு. அந்தக் கணக்கே ஒரு தனி உலகம். 60 நாள் உலரவைத்து, எட்டில் ஒரு அங்குலம் வரை அளந்து, இடது வலது சமமில்லாவிட்டால் வித்தியாசத்தைக் கழிப்பார்கள்! காட்டில் முட்டி மோதி வளர்ந்த கொம்புக்குச் சமச்சீர் இல்லை என்று மதிப்பெண் குறைப்பது எனக்குக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் "கறி நல்லது, கொம்பு கெட்டது" என்று நீங்கள் திருப்பிப் போட்டுவிடவும் கூடாது. அமெரிக்காவில் மானை அழித்தது கறி வேட்டைதான், விற்பனைக்கான கறி. ரயிலும் ஐஸ் பெட்டியும் வந்தபின் காட்டிலிருந்து நகரச் சந்தைக்கு மான் வண்டி வண்டியாகப் போனது. காடு வெட்டியதும் சேர்ந்துகொள்ள, 1904 வாக்கில் ஓஹையோவில் மானே இல்லை. மறுபடி வேட்டைப் பருவம் திறந்தது 1943இல். இந்தக் கறி விற்பனையை நிறுத்தக் குரல் கொடுத்தவர்களில் முன்வரிசையில் நின்றது, பின்னாளில் அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப். கொம்பு சேகரிப்பவர்களின் சங்கம்! திருட்டு வேட்டைக் கறியை மாநிலம் தாண்டிக் கொண்டுபோவதைத் தடுக்கும் லேசி சட்டம் 1900இல் வந்தது, மாநிலங்கள் காட்டு மான் கறி விற்பனையைத் தடை செய்தன. உங்கள் நண்பர் உங்களுக்குச் சும்மா கொடுக்கலாம், ஒரு டாலருக்கு விற்க முடியாது என்பது அங்கிருந்து வந்ததுதான். உணவகத்தில் கிடைப்பது பண்ணை மான். 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீள்துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடும் 11 சதவீத வரி வனவுயிர்ப் பணிக்குப் போகிறது. அதைக் கறிக்காரரும் கட்டுகிறார், கொம்புக்காரரும் கட்டுகிறார்.

எனக்கு ஒப்பாதது இரண்டு. உயர்வேலிக்குள் கொம்புக்கென்றே இனப்பெருக்கம் செய்து, விலைப்பட்டியல் போட்டுச் சுடவைப்பது ஒன்று. அது பண்ணை, வேட்டை அல்ல. மற்றது, தலையை வெட்டிக்கொண்டு உடலைப் போட்டுவிட்டு வருவது. அலாஸ்காவில் மூஸ் என்ற பெரிய மானுக்கும் கரிபு என்ற பனிப்பிரதேச மானுக்கும் சட்டம் தெளிவு: கழுத்து, நெஞ்சு, விலா, நான்கு தொடை, முதுகு என்று தின்னத்தக்க கறி முழுதும் வெளியே வர வேண்டும், அதற்கு முன் கொம்பு அங்கிருந்து நகரக்கூடாது, கடைசிச் சுமையோடு வேண்டுமானால் வரலாம். அரை டன் விலங்கைச் சதுப்பில் சுட்டவர் எத்தனை நடை சுமக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அதே அலாஸ்காவில் பழுப்புக் கரடியைச் சுட்டால் தோலும் மண்டையோடும்தான் எடுத்தாக வேண்டும், கறியை விட்டுவரலாம். அதைத்தான் கலப்பில்லாத கொம்பு வேட்டை என்பேன், கொம்பே இல்லாவிட்டாலும்.

இனி உங்கள் வீட்டு விஷயம். மகளுக்குக் கொடுக்குமுன் நண்பரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். முதலாவது, என்ன குண்டு. ஈயக்குண்டு உடம்புக்குள் பொடிந்து, காயத்திலிருந்து ஓரடிக்கு மேலும் கண்ணுக்குத் தெரியாத துகளாகப் பரவும். 2008இல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்குத் தானமாக வந்த மான் கொத்துக்கறியைப் படம் எடுத்துப் பார்த்து, ஈயம் இருந்ததால் மொத்தத்தையும் எறியச் சொன்னார்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் கர்ப்பிணிகளும் ஈயக்குண்டில் விழுந்த மானைத் தின்ன வேண்டாம் என்பது அப்போது சொன்ன அறிவுரை. உங்கள் மகள் அதில் வருகிறாள். அம்பில் விழுந்ததோ செம்புக்குண்டில் விழுந்ததோ என்றால் அந்தக் கவலை இல்லை. கொத்துக்கறி வேண்டாம், முழுத் துண்டாகக் கேளுங்கள். வெட்டிக் கொடுக்கும் கடையில் பல மான்களின் காய ஓரங்கள் ஒன்றாக அரைபடலாம்.

இரண்டாவது, மான்களைத் தாக்கும் சிடபிள்யூடி என்ற மூளைநோய்க்குச் சோதித்தாரா என்பது. 1967இல் கொலராடோவில் முதலில் கவனித்த நோய், ஓஹையோவின் காட்டு மானில் 2020இல் வந்துவிட்டது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இதுவரை இல்லை. ஆனால் நோயுள்ளது என்று தெரிந்த மானைத் தின்னக்கூடாது, வேகவைத்தாலும் நோயை உண்டாக்கும் புரதம் அழியாது. தொண்டையின் நிணநீர்க் கணுவை எடுத்து அனுப்பினால் பதில் வரும். அதுவரை பொட்டலத்தில் அடையாளம் எழுதி உறையவைக்கலாம். வயதான கிடாக்களில்தான் இந்த நோய் அதிகம், கொம்புக்காக வளரவிடும் அதே வயதில்.

கவுச்சிக்குக் காரணம் கொழுப்பு. ஆட்டுக் கொழுப்பு மாதிரி நினைத்து விட்டுவிடாதீர்கள். மான் கொழுப்பு மெழுகு போல வாயில் ஒட்டும், வாடையும் அதில்தான். வெள்ளையாகத் தெரிவதையெல்லாம் சீவி எடுங்கள், சதைமேல் வெள்ளி நிறத்தில் ஒட்டியிருக்கும் சவ்வையும் சேர்த்து. ரப்பராகக் காரணம், முதுகுச்சதையைக் குக்கரில் போட்டிருப்பீர்கள். அது விரல் தடிமனில் வெட்டி, மிளகும் உப்பும் போட்டு, காய்ந்த இரும்புச் சட்டியில் பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் வாட்டி எடுப்பது. உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும், முழுக்க வெந்தால் தோல்தான். குழம்புக்குக் கழுத்தும் முன்தொடையும் கேளுங்கள். குக்கரில் ஆட்டுக்கறிக்கு விடுவதைவிட இரண்டு மூன்று விசில் கூட விட்டு, கொழுப்பில்லாத குறைக்கு நல்லெண்ணெய் தாராளமாக.

கொம்பை ஊருக்குக் கொண்டுவர வேண்டாம். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே புள்ளிமான், கடமான் கொம்பை உரிமைச் சான்று இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், தானாக உதிர்ந்ததாக இருந்தாலும். இது அமெரிக்க வெள்ளைவால் மானுடையது என்று விமான நிலையத்தில் நிரூபிக்கும் பாடு உங்களுடையதாகிவிடும். அங்கேயே அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு முன்தொடை கேளுங்கள்.