போன் ஜிபிஎஸ் 5 மீட்டர் தள்ளிக் காட்டுகிறது. சர்வேயர் கருவி மட்டும் எப்படி 2, 3 சென்டிமீட்டருக்குள் சொல்கிறது?

இரண்டும் பார்ப்பது அதே செயற்கைக்கோள்களைத்தான். சர்வேயர் கருவிக்குக் கூடுதலாக ஒரு திருத்தக் கணக்கு வருகிறது. அந்த முறைக்கு ஆர்டிகே என்று பெயர்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. சிக்னல் வந்து சேரும் நேரத்தை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறோம். நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினாலே 30 சென்டிமீட்டர் போச்சு. வழியில் வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலம் வேறு சிக்னலைத் தாமதப்படுத்தும்.

காய்கறிக் கடைத் தராசில் சந்தேகம் வந்தால் என்ன செய்வோம்? ஒரு கிலோ எடைக்கல்லை வைத்துப் பார்ப்போம். 1,050 கிராம் காட்டினால், தக்காளியிலும் 50 கிராமைக் கழித்துவிடலாம். இங்கே அந்த எடைக்கல், கோர்ஸ் எனப்படும் நிலையான நிலையம். அதன் இடம் துல்லியமாகத் தெரியும் என்பதால், சிக்னலில் எவ்வளவு பிழை என்று அது நொடிக்கு நொடி கண்டுபிடிக்கும். பக்கத்தில் வயலில் நிற்கும் கருவிக்கும் கிட்டத்தட்ட அதே பிழைதான். மொபைல் இணையம் வழியாகத் திருத்தம் வந்துவிடும். (சிம் சிக்னல் இல்லாத காட்டில் சர்வேயர் தலையைச் சொறிவது இதனால்தான்.) அப்புறம், சுமார் 19 சென்டிமீட்டர் நீளமுள்ள ரேடியோ அலையையே இந்தக் கருவி அளவுகோலாக்கிக்கொள்கிறது, சென்டிமீட்டர் துல்லியம் அங்கிருந்துதான் வருகிறது.

இந்தியாவில் சர்வே ஆஃப் இந்தியா இப்படிப்பட்ட நிலையங்களை நாடெங்கும் அமைத்திருக்கிறது. கிராமக் குடியிருப்பு நிலங்களை அளந்து சொத்து அட்டை தரும், 2020இல் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தின் ட்ரோன் அளவீட்டுக்கும் இவை உதவுகின்றன.

இவ்வளவு துல்லியமான கருவி வந்தால் வரப்புத் தகராறு தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கருவி சொல்வது எல்லைக்கல் இப்போது இருக்கும் இடத்தை மட்டும்தான், அது எங்கே இருக்க வேண்டும் என்பதற்குப் நில அளவைப் பதிவில் உள்ள வரைபடமான புலப்படத்தைத்தான் பார்க்க வேண்டும்.