அரக்கன் ஏன் சாக மறுக்கிறான்?

கேள்வி: நண்பர்களுடன் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆட, பாத்திரமேற்று விளையாடும் விளையாட்டு ஒன்றை நானே உருவாக்கி வருகிறேன். ஒருவர் கதையை நடத்துவார். மற்ற நால்வரும் ஆளுக்கொரு பாத்திரம். தாக்குவதற்கு இருபது முகப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அடி பட்டால், ஆறு முகப் பகடையில் விழும் எண் அளவுக்கு எதிரியின் உயிர்ப்புள்ளி குறையும். ஒவ்வோர் அரக்கனுக்கும் 30 புள்ளி. விதிகள் 40 பக்கத்தைத் தொட்டுவிட்டன. ஆனால் சண்டை தொடங்கினால் முடிவதே இல்லை. இருபது முகப் பகடையை விட்டுவிட்டு இரண்டு ஆறு முகப் பகடைகளுக்கு மாறலாமா?

பதில்: உங்கள் விதியை ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடி படுவதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி. பட்ட அடியின் சராசரி மூன்றரை. ஆக, ஒரு வீச்சுக்கு 1.75 புள்ளிதான் கரைகிறது. ஓர் அரக்கன் விழ 17 வீச்சுக்கு மேல் ஆகும். நான்கு அரக்கர்கள் வந்தால் உங்கள் நண்பர்கள் மட்டுமே ஏறத்தாழ 70 முறை வீச வேண்டும். அரக்கர்களின் முறை தனி. முதல் வேலையாகப் புள்ளியை 12 ஆக்குங்கள். ஏழெட்டு வீச்சில் கதை முடியும்.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. அந்த வீச்சுகளில் பாதி, ‘படவில்லை, அடுத்தவர்’ என்று வீணாகின்றன. பகடை உருண்டு நின்ற பிறகும் எல்லாம் இருந்தபடியே இருந்தால், எதற்காக உருட்டினோம்? இதை நான் ஒரு கதவிடம் கற்றேன். என் முதல் விளையாட்டில் பூட்டை உடைக்க ஒரு விதி, கதவை முட்டித் திறக்க ஒரு விதி, கயிறு ஏற ஒரு விதி என்று தனித்தனியாக எழுதி வைத்திருந்தேன். பூட்டை உடைக்கப் போனவருக்கு 3 விழுந்தது. திறக்கவில்லை. மறுபடி 5. திறக்கவில்லை. “இப்போது நாங்கள் என்ன செய்வது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கதை முழுவதும் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது. அன்றிரவே மூன்று விதிகளையும் அடித்துவிட்டு ஒரே வரி எழுதினேன்: வீச்சு தவறினாலும் கதவு திறக்கும், ஆனால் சத்தம் கேட்டுக் காவலன் விழித்துக்கொள்வான். உங்கள் சண்டைக்கும் இதையே செய்யுங்கள். அடி தவறினால் வாள் கைநழுவட்டும், அல்லது எதிரி ஓர் அடி முன்னேறி, பின்னால் நிற்கும் தோழரை நெருங்கட்டும்.

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட, இந்த வகை விளையாட்டுகளுக்கு முன்னோடியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ போர் விளையாட்டுகளிலிருந்து கிளைத்தது. அதனால்தானோ என்னவோ, புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோரும் சண்டை விதியில்தான் பேனாவை வைக்கிறார்கள். உங்கள் கதையில் ஒளிந்து திரிவதும் பேரம் பேசுவதும்தான் அதிகம் என்றால், அவற்றுக்கான விதியை முதலில் எழுதுங்கள்.

பகடைக்கு வருகிறேன். இருபது முகப் பகடையில் எந்த எண்ணுக்கும் 5 விழுக்காடுதான். 1 விழுவதும் 10 விழுவதும் ஒன்றே. இரண்டு ஆறு முகப் பகடைகளில் 36 சேர்க்கைகள். கூட்டுத்தொகை 7 என்பது ஆறு வழிகளில் வரும், 12 ஒரே வழியில்தான். தேறுவதற்கு 8 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று வைத்தால் வாய்ப்பு 36-இல் 15. தேர்ந்த வில்லாளிக்கு, விழும் தொகையோடு கூட்டிக்கொள்ள +1 கொடுத்தால் அதுவே 21 ஆகிவிடும். +3 கொடுத்தால் 30. அதற்கு மேல் போகாதீர்கள். தேர்ச்சி பெற்றவர் பெரும்பாலும் ஜெயிக்க வேண்டும் என்று விரும்பினால், தயங்காமல் மாறுங்கள்.

மாற்றிய விதிகளை ஒரு நண்பரிடம் கொடுத்து, அவரையே கதை நடத்தச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. அவர் எந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பக்கம் புரட்டித் தேடுகிறார் என்பதை மட்டும் குறித்து வாருங்கள். அந்த விதிகளை மறுநாள் எடுத்துவிட்டு இன்னொரு முறை ஆடிப் பாருங்கள்.