மறைந்த ஆசிரியரின் நூலகத்தை மொத்தமாக வாங்கி விற்றால் லாபம் கிடைக்குமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் வசிக்கிறேன், வயது 51. தனியார் பள்ளி வேலையை விட்டபோது வந்த வருங்கால வைப்பு நிதிப் பணம் வங்கியில் இருக்கிறது. சத்தியமங்கலத்தில் மறைந்த தமிழாசிரியர் ஒருவரின் குடும்பத்தார், அவர் சேர்த்த ஏறத்தாழ 1,400 நூல்களை மொத்தமாக 2 லட்சம் ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார்கள். இணையம் வழியாகப் பிரித்து விற்றால் லாபம் வருமா? ஜி.எஸ்.டி., வருமான வரி உண்டா? வைப்புப் பணத்தைத் தொடாமல் நகைக் கடன் வாங்கலாமா?

பதில்: இந்த விலைக்கு மொத்தமாக வாங்காதீர்கள், அம்மா. பழைய புத்தக வியாபாரத்தில் லாபம் வாங்கும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. நீங்கள் ஒரு நூலுக்குச் சராசரியாக 143 ரூபாய் கொடுக்கப் போகிறீர்கள். முதல் ஆண்டில் 300 நூல்கள் சராசரி 200 ரூபாய்க்கு விற்றன என்றே வைத்துக்கொள்வோம். கைக்கு வருவது 60,000 ரூபாய். அதிலும் அட்டைப்பெட்டி, விற்பனைத் தளத்தின் கமிஷன் ஆகியவை போகும். மீதி 1,100 நூல்களில் முடங்கிய பணம் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். எளிதில் விலை போகக்கூடியவை முதலிலேயே போய்விடுவதால், இரண்டாம் ஆண்டு விற்பனை முதல் ஆண்டைவிடக் குறையும் என்றே கணக்கிட வேண்டும்.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விரலியையும் கிழங்கையும் ஒரே குவியலாகக் கொட்டி யாரும் விலை பேசுவதில்லை. நூலகத்தையும் அப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓர் ஆசிரியர் வீட்டில் பாட நோட்ஸ்களும் பழைய பாடநூல்களும் கணிசமாக இருக்கும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் 2018-19 முதல் படிப்படியாக மாற்றப்பட்டதால், அதற்கு முந்தைய நோட்ஸ்கள் எடைக்குத்தான் போகும். இலக்கண, இலக்கிய உரைகள், அகராதிகள், நல்ல நிலையில் உள்ள நாவல்கள் ஆகியவை நிதானமாக, ஆனால் நிச்சயமாக விற்கும். சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் அரிய நூல்கள் மிகச் சிலவே இருக்கும்.

பழையது எல்லாம் அரியது அல்ல. பெரும்பாலோர் பணத்தை இழப்பது இங்கேதான். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டதால் 'பொன்னியின் செல்வன்' நாவலைப் பல பதிப்பகங்கள் வெளியிடுகின்றன. ஆகவே பிற்காலப் பதிப்பு ஒன்றின் பழுத்த பிரதிக்குப் படிப்பவர் விலைதான் கிடைக்கும். ஆனால் 1950 முதல் 1954 வரை அது 'கல்கி' வார இதழில் தொடராக வந்தபோது, மணியத்தின் ஓவியங்களோடு பக்கங்களைப் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்த வீடுகள் உண்டு. அத்தகைய தொகுப்பைச் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். அதிலும் இடையில் ஒரு வாரம் விட்டுப்போயிருக்கிறதா, பைண்டு செய்தவர் ஓரத்தை வெட்டும்போது ஓவியத்தையும் சேர்த்து வெட்டிவிட்டாரா, இராமபாணப் பூச்சி துளைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் ஆரம்ப கால இதழ்கள், கோவைகிழார் 1954இல் எழுதிய கொங்கு நாட்டு வரலாற்றின் முதல் பதிப்பு போன்றவை கண்ணில் பட்டால் தனியாக எடுத்து வையுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் பல இலவசமாகக் கிடைக்கும் காலம் இது; படிக்க மட்டும் விரும்புபவர் அதிக விலை கொடுக்க மாட்டார், அசல் பிரதியையே கையில் வைத்திருக்க விரும்புபவர்தான் கொடுப்பார்.

பொது நூலக முத்திரை உள்ள நூலை, அது முறைப்படி கழிக்கப்பட்டதற்கான குறிப்பு இல்லாவிட்டால் தொடாதீர்கள். ஓலைச்சுவடிகள் இருந்தால் அவற்றை இந்த வியாபாரத்தில் சேர்க்கவே கூடாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 75 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள சுவடிகளும் தொல்பொருள்களே. அவற்றை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் தடை உள்ளது.

வரியைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். அச்சிட்ட நூல்களுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அவற்றை மட்டுமே விற்பவர் பதிவு செய்ய வேண்டியதும் இல்லை. பேனா, பை என்று வேறு பொருள்களையும் சேர்த்தால் நிலைமை மாறும், அப்போது ஆடிட்டரைக் கேளுங்கள். லாபம் வியாபார வருமானமாகக் கருதப்படும் என்பதால், வாங்கிய விலை, விற்ற விலை, தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, பணத்தை வங்கி வழியாகவே பெறுங்கள். அனுப்புவதற்கு அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய ஞான் போஸ்ட் என்ற நூல் அஞ்சல் சேவை உள்ளது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. நூலில் அச்சகம் அல்லது பதிப்பகத்தின் பெயர் இருக்க வேண்டும்.

நகைக் கடன் கூடவே கூடாது. கடனுக்கு மாதாமாதம் வட்டி ஏறும். நூலோ தனக்குரிய வாசகர் வரும் வரை அலமாரியில் காத்திருக்கும். ஓய்வுக்கால வைப்பிலிருந்தும் 30,000 ரூபாய்க்கு மேல் எடுக்காதீர்கள். அந்தக் குடும்பத்தாரிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டு, நூல்களைப் பிரித்துப் பார்த்து, தேர்ந்தெடுத்த 300 நூல்களுக்கு மட்டும் விலை பேசுங்கள். அரியதாகத் தெரிவதை கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவரிடம் காட்டி விலை விசாரித்துவிட்டு, அவர்களிடம் மறைக்காமல் சொல்லி வாங்குங்கள். எல்லாவற்றையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினால், மீதி நூல்களுக்கு எடை விலை மட்டும் கூட்டிச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள்.