குனிவதற்கு முன்பே முடிவெடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: பூல், ஸ்னூக்கர்

கேள்வி: நான்கு ஆண்டுகளாக நைன் பால் (மேசையில் உள்ள மிகச் சிறிய எண் பந்தையே முதலில் அடித்து, ஒன்பதாம் பந்தைப் போட்டு வெல்லும் பூல் ஆட்டம்) ஆடி வருகிறேன். நண்பர்களுடன் வேகமாக ஆடும்போது பந்துகள் தாமாகவே பாக்கெட்டில் விழுவதுபோல் இருக்கிறது. போட்டி என்றால் ‘நிதானமாக ஆடு’ என்று எல்லோரும் சொல்வதால் வேகத்தைக் குறைக்கிறேன். உடனே எளிய பந்துகள்கூடத் தவறுகின்றன. எனக்கு எந்த வேகம் சரி? (ஒரு வாசகர், கோவை)

பதில்: ‘நிதானமாக ஆடு’ என்பது தவறான அறிவுரையன்று. ஆனால் நிதானம் எந்த இடத்தில் வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. ஓர் அடிக்குச் செலவாகும் நேரத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. எந்தப் பந்தை எந்தப் பாக்கெட்டுக்கு அனுப்புவது, அதன்பின் வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்க வேண்டும், அதற்கு எவ்வளவு விசை, எந்தப் பக்கச் சுழற்சி என்றெல்லாம் நின்றபடியே முடிவு செய்யும் நேரம் ஒன்று. குனிந்து, கியூவை (அடிக்கும் கோலை) பந்தைத் தொடாமல் முன்னும் பின்னும் வெள்ளோட்டம் விட்டு, அடித்து முடிக்கும் நேரம் மற்றொன்று. முதலாவது பந்துக்குப் பந்து மாறலாம், மாறத்தான் வேண்டும். இரண்டாவது உங்கள் கைக்குப் பழகிய தாளத்திலேயே நடக்க வேண்டும். போட்டியில் நீங்கள் கூட்டுகிற நேரம் பெரும்பாலும் இந்த இரண்டாவது பகுதியில்தான் போய்ச் சேருகிறது என்பது என் கணிப்பு.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஓர் இளைஞரிடம், ஒவ்வோர் அடிக்கும் எத்தனை முறை கியூவை வெள்ளோட்டம் விடுகிறார் என்று வாய்விட்டு எண்ணச் சொன்னேன். சாதாரணப் பந்துகளுக்கு மூன்று வந்தது. ஒன்பதாம் பந்து பாக்கெட்டின் வாயருகே நின்றபோது எண்ணிக்கை ஏழைத் தாண்டியது. ஐந்தாவதிலேயே கியூவின் நுனி வெள்ளைப் பந்தின் நடுவிலிருந்து ஒரு நூல் அளவு வலப்புறம் நகர்ந்துவிட்டதை எதிரில் நின்ற நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை, ஏனெனில் அவர் கண் அந்நேரம் பந்துக்கும் பாக்கெட்டுக்கும் இடையே அலைந்துகொண்டிருந்தது. பந்து பாக்கெட்டின் தாடையில், அதாவது வாயின் ஓரத்தில், மோதி வெளியே வந்தது.

அந்த அலைச்சல் சிறிய விஷயமன்று. 2002-இல் மார்க் வில்லியம்ஸ், ராபர்ட் சிங்கர், ஷேன் ஃப்ரெலிக் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு பில்லியர்ட்ஸ் ஆடுவோரின் கண்ணசைவுகளை அளந்தது. அடிக்கும் கை இயங்கத் தொடங்குமுன் கண் கடைசியாக ஓரிடத்தில் ஊன்றி நிற்கும் நேரம், தேர்ந்த ஆட்டக்காரர்களிடம் நீளமாகவும் மற்றவர்களிடம் குறைவாகவும் இருந்தது. அடி கடினமாக ஆக அது நீண்டது. நேர நெருக்கடி தந்தபோது அது சுருங்கி, துல்லியமும் குறைந்தது. ஆகவே கடினமான அடிக்குக் கடைசிப் பார்வை சற்று நீள்வதில் பிழையில்லை. குனிந்த பிறகு முடிவை மாற்றிக்கொண்டு வெள்ளோட்டங்களை அடுக்குவதுதான் கெடுதல். சந்தேகம் எழுந்தால் எழுந்து நில்லுங்கள், முதலிலிருந்து தொடங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேகத்தைப் பொறுத்தவரை இரு துருவங்களிலும் மேதைகள் இருந்திருக்கிறார்கள். ‘மெஷின் கன் லூ’ என்று அழைக்கப்பட்ட அமெரிக்கர் லூ புட்டேரா 1973-இல் ஆலன் ஹாப்கின்ஸுக்கு எதிராக 150 பந்துகளை 21 நிமிடங்களில் தொடர்ந்து போட்டார். பந்துக்கு எட்டரை வினாடிகூட ஆகவில்லை. (அது ஸ்ட்ரெய்ட் பூல், எந்தப் பந்தை வேண்டுமானாலும் அடிக்கலாம் என்பதால் வெள்ளைப் பந்து அதிகம் பயணிப்பதில்லை. நைன் பாலில் அந்தக் கணக்கைப் பின்பற்ற வேண்டாம்.) மாறாக, இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்து கொடிகட்டிப் பறந்த அலிசன் ஃபிஷர், கியூவைப் பின்னுக்கு இழுத்து, அங்கே ஒரு கணம் அசையாமல் நிறுத்தி, பிறகே அடிப்பார். எளிய பந்தோ கடைசிப் பந்தோ, அந்த நிறுத்தம் தவறாது. இந்த இருவரில் யாருடைய வேகத்தையும் நீங்கள் கடன் வாங்க வேண்டியதில்லை. நண்பர்களுடன் நன்றாக ஆடும் நாளில் உங்கள் வெள்ளோட்டங்களை எண்ணி எழுதி வையுங்கள். போட்டியிலும் அதே எண்ணிக்கையோடு அடியுங்கள். கூடுதல் நேரத்தை, நுனிக்குச் சாக் பூசியபடி மேசையைச் சுற்றி நடப்பதில் செலவிடுங்கள்.

கேள்வி: எதிராளி வேண்டுமென்றே மெதுவாக ஆடினால் என் தாளம் குலைந்துவிடுகிறது. என்ன செய்வது? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: உலகின் மிகச் சிறந்தவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. ஸ்னூக்கர் உதாரணம்தான், ஆனாலும் இங்கே அப்படியே பொருந்தும். 1997 உலகப் போட்டியில் ஐந்து நிமிடத்தைச் சற்றே தாண்டிய நேரத்தில் ஸ்னூக்கரின் உச்ச ஸ்கோரான 147 புள்ளிகளை ஒரே முறையில் முழுதாக எடுத்து முடித்தவர் ரோனி ஓ'சல்லிவன். அதே அரங்கில், ஷெஃபீல்டின் குரூசிபிளில், 2005 காலிறுதியில் அவரை எதிர்த்த பீட்டர் எப்டன் வெறும் 12 புள்ளிகளுக்கே ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். 8–2 என்ற ஆட்டக் கணக்கில் முன்னணியில் இருந்த ஓ'சல்லிவன் 13–11 என்று தோற்றார்.

எதிராளி நினைத்தே செய்கிறாரா என்று ஆராய்வதில் பயனில்லை. அந்த ஆராய்ச்சியே உங்கள் கவனத்தைத் தின்றுவிடும். நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது அவருடைய கைகளைப் பார்ப்பதை விட்டு, பந்துகள் கிடக்கும் கிடையை மட்டும் பாருங்கள். அவர் தவறினால் முதல் மூன்று பந்துகளை எப்படி எடுப்பீர்கள் என்று யோசியுங்கள். உங்கள் முறை வந்ததும் அவசரமாகப் பாய வேண்டாம். நீண்ட நேரம் உட்கார்ந்த உடம்பு விறைத்திருக்கும். மேசையை ஒரு முறை சுற்றி வந்து, மூச்சை முழுதாக வெளியே விட்டு, பிறகு குனியுங்கள். மற்றவர் வீணாக்கிய நேரத்தை உங்கள் முறையில் ஈடுகட்டப் பார்ப்பதுதான் நான் அதிகம் காணும் தவறு.

கேள்வி: ஷாட் கிளாக் (ஒவ்வோர் அடிக்கும் நேர வரம்பு வைக்கும் கடிகாரம்) வைத்தால் இந்தப் பிரச்சினை தீருமா? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: பெருமளவு தீரும். ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் மொஸ்கோனி கோப்பையில் ஓர் அடிக்கு 30 வினாடிதான். ஒரு ரேக்குக்கு (பந்துகளை அடுக்கி ஆடும் ஓர் ஆட்டத்துக்கு) ஒரு முறை கூடுதல் நேரம் கேட்கலாம். நேரம் கடந்தால் அது ஃபவுல். உங்கள் கிளப்பில் கடிகாரம் இல்லையென்றால் ஒரு நண்பரைக் கைபேசியில் நேரம் பார்க்கச் சொல்லி, வாரத்தில் ஒரு நாள் ஆடிப் பாருங்கள். கூடுதல் நேரத்தை முதல் பந்திலேயே கேட்டுவிடாமல், பந்துகள் ஒட்டிக்கொண்டு கிடக்கும் இடத்துக்கு அதைச் சேமித்து வைக்கவும் அப்போது பழகிக்கொள்வீர்கள்.