புரியாத படத்துக்கு விமர்சனம் எழுதலாமா?

கேள்வி: விசித்திரமான அறிவியல் புனைகதைப் படங்களைப் பற்றி எழுத ஆசை. ஆனால் பாதிப் படம் புரிவதே இல்லை. புரியாமல் எழுதினால் தப்பில்லையா?

பதில்: தாராளமாக எழுதுங்கள், எந்த இடத்தில் புரியவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். இந்த வகைப் படங்களுக்கு வரும் விமர்சனங்களில் என்னை உறுத்துவது, எல்லாம் புரிந்த மாதிரி காட்டிக்கொள்வதுதான். முடிவுக்கு விளக்கம் என்று நாலு பத்தி இருக்கும், ஆனால் உட்கார்ந்து பார்த்தவருக்கு என்ன ஆனது என்று ஒரு வரிகூட இருக்காது.

ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ (1979) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசையை நிறைவேற்றும் ஓர் அறையைத் தேடி, தடை செய்யப்பட்ட பகுதிக்குள் மூன்று பேர் போகிறார்கள், கதை அவ்வளவுதான். தண்டவாளத்தில் ஒரு சின்ன டிராலியில் உட்கார்ந்து அவர்கள் போகும் காட்சி மூன்று நிமிஷத்துக்கும் மேல் நீளும். கேமரா அவர்களுடைய பின்னந்தலை, காது, கன்னம் என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருக்கும், கிட்டத்தட்ட பேச்சே கிடையாது. சக்கரம் தடக் தடக்கென்று தட்டும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக எதிரொலித்து, நீண்டு, மின்னிசை போல ஆகிவிடும், எந்த இடத்தில் மாறியது என்று நான் எத்தனை தடவை கேட்டும் பிடிபடவில்லை. அப்புறம் அதுவரை பழுப்பாக ஓடிய படம் சட்டென்று பச்சைக்கு வந்துவிடும். வேறொரு இடத்துக்கு வந்துவிட்டோம் என்பது மூளைக்கு எட்டும் முன்னால் உடம்புக்குத் தெரிகிறது. அந்த அறைக்கு என்ன பொருள் என்று உங்களால் சொல்ல முடியாமல் போகட்டும், இந்த மூன்று நிமிஷத்தைச் சரியாக எழுதிவிட்டால் படிப்பவர் படத்தைத் தேடிப் போவார்.

கேள்வி: பெரிய முயற்சி என்பதற்காகக் குறைகளை மன்னிக்கலாமா?

பதில்: வேண்டாம். முயற்சியைப் பாராட்டிவிட்டுக் குறையை மறைப்பது அந்த இயக்குநருக்கும் மரியாதை ஆகாது. ஆனால் குழப்பத்திலும் இரண்டு வகை உண்டு. 2004இல் வந்த ‘பிரைமர்’ சுமார் 7,000 டாலரில் எடுத்த படம், ஓடுவது 77 நிமிஷம். காலத்தில் பின்னால் போகும் ஒரு பெட்டியைத் தற்செயலாகச் செய்துவிடும் இரண்டு பொறியாளர்கள், தங்களுக்குள் பேசிக்கொள்வது போலவே பேசுகிறார்கள், நமக்காக ஒரு வார்த்தைகூட விளக்குவதில்லை. போகப் போக, யார் எத்தனை தடவை திரும்பி வந்திருக்கிறார் என்ற கணக்கு அவர்களுக்கே தவறிப்போகிறது, அதனால் நம் குழப்பமும் அவர்களுடைய குழப்பமும் ஒன்றாகிவிடுகிறது. எழுதியவருக்கே தெளிவில்லாமல் வந்த குழப்பம் வேறு. இரண்டாம் தடவை பாருங்கள், துண்டுகள் புதிதாக ஒட்டிக்கொண்டே வந்தால் முதல் வகை. இரண்டாம் தடவையும் அதே இடத்தில் அதே மாதிரி தொங்கினால், தயங்காமல் அப்படியே எழுதுங்கள்.

கேள்வி: ஒரு படத்தைத் திட்டி எழுதினேன். மறுபடி பார்த்தபோது பிடித்துவிட்டது. மாற்றி எழுதினால் கேலி செய்ய மாட்டார்களா?

பதில்: செய்தால் செய்யட்டும். 1968இல் இயக்குநர் குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ வந்தபோது சலிப்பூட்டுகிறது என்று எழுதிய விமர்சகர்கள் நிறைய, முதல் திரையிடல்களுக்குப் பிறகு குப்ரிக்கே சுமார் 19 நிமிஷத்தை வெட்டினார். எடுத்தவரே மாற்றும்போது எழுதியவர் மாற்றினால் என்ன? பழைய விமர்சனத்தை அழிக்காதீர்கள். அதன் கீழே தேதி போட்டு, எந்தக் காட்சி உங்களை மாற்றியது என்று எழுதுங்கள்.

கேள்வி: எழுதிப் பழக எந்தப் படத்தில் தொடங்கலாம்?

பதில்: பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கரின் ‘லா ஜெட்டே’ (1962). 28 நிமிஷம்தான். கிட்டத்தட்ட முழுப் படமும் அசையாத புகைப்படங்களால் ஆனது, ஒரே ஒரு இடத்தில் மட்டும், படுக்கையில் கிடக்கும் பெண் கண் திறந்து இமைக்கிறாள். பார்த்து முடித்ததும் யாருடைய விளக்கத்தையும் படிக்காமல், அந்தச் சில நொடிகளைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.