கேள்வி–பதில்: பேசாத படத்தில் எழுத என்ன இருந்தது?

கேள்வி: மௌனப் பட காலத்தில் ஹாலிவுட்டில் ஃபிரான்சஸ் மரியன் என்ற பெண் பெயர்பெற்ற திரைக்கதாசிரியராம். வசனமே இல்லாத படத்துக்கு அவர் எதை எழுதினார்?

பதில்: வசனம்தான் இல்லை, மற்ற எல்லாம் உண்டு. காட்சிக்கு எண் போட்டு, இடம், பகலா இரவா, யார் என்ன செய்கிறார்கள், க்ளோசப் எங்கே, நடுவே பார்வையாளர் படிக்கத் திரையில் காட்டும் எழுத்து அட்டை எது என்று வரிசையாக எழுதுவதை 'கன்டினியூட்டி' என்பார்கள். செட்டுக்கும் செலவுக்கும் கணக்கு போடுவது அதை வைத்துத்தான். படாத பாடு படுத்துவது அட்டைதான். 35 மி.மீ. பிலிமில் அடிக்கு 16 ஃபிரேம், அதாவது 16 தனிப்படங்கள். நொடிக்கு 16 ஃபிரேம் ஓட்டினால் ஓர் அடி ஒரு நொடி. 1000 அடி ரீல் ஏறக்குறைய பதினாறரை நிமிடம். பத்து நொடி படிக்க வேண்டிய அட்டை பத்து அடி பிலிமை விழுங்கிவிடும், நடிப்பும் அறுந்துபோகும். ஆகவே, செய்கையால் சொல்ல முடிந்ததை அட்டையில் எழுதக் கூடாது.

மரியனின் கெட்டிக்காரத்தனம் நட்சத்திரத்துக்கு அளவெடுத்து எழுதியதில் இருக்கிறது. 1917இல் வந்த 'தி புவர் லிட்டில் ரிச் கேர்ள்' படத்தில் 24 வயது மேரி பிக்ஃபோர்டு 11 வயதுச் சிறுமி. அவரைச் சிறியவராகக் காட்ட மேஜை நாற்காலிகளைப் பெரிதாகச் செய்தார்கள். கதையில் மரியன் சேர்த்த குறும்பு முதலாளிகளுக்குப் பிடிக்கவில்லை. படம் ஓடிய ஓட்டத்தில் வாயடைத்துப் போனார்கள்.

கேள்வி: பேசும் படம் வந்ததும் பலர் காணாமல் போனார்களே, இவர்?

பதில்: இவருக்கு அதன் பிறகுதான் ஆஸ்கர்! 'தி பிக் ஹவுஸ்' (1930) சிறைப் படம். அதற்காக சான் குவென்டின் சிறைக்கே போய்ப் பார்த்து எழுதினார். எழுத்துக்கு ஆஸ்கர் பெற்ற முதல் பெண் அவர்தான். 'தி சாம்ப்' (1931) மூலக்கதைக்கு இரண்டாவது. 'தி பிக் ஹவுஸ்' வந்த அதே 1930இல், நடிகை கிரேட்டா கார்போ திரையில் முதன்முதலாகப் பேசிய 'அன்னா கிறிஸ்டி'க்கும் திரைக்கதை இவரே. ஸ்வீடன் மாலுமியின் மகள் வேடம் என்பதால் கார்போவின் ஸ்வீடிஷ் உச்சரிப்பு உறுத்தவில்லை. நல்ல தேர்வு.

கேள்வி: அவருடைய முறையைக் கற்க ஏதாவது நூல் உண்டா?

பதில்: 1937இல் 'ஹவ் டு ரைட் அண்ட் செல் ஃபிலிம் ஸ்டோரீஸ்' எழுதினார். 'மார்கோ போலோ' படத்துக்கு ராபர்ட் ஷெர்வுட் எழுதிய முழுப் படப்பிடிப்புப் பிரதியும் அதில் இருக்கிறது. முதலில் அதைப் படியுங்கள், பாடத்தைப் பிறகு பார்க்கலாம்.